குஞ்சியப்பா, டோட்முண்ட்

1

போன வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். பிறந்தநாளும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. ஒரு வரிக்காக வெட்டின கேக். நாலைந்து சொற்களும் அவற்றுக்கிடையே சில சின்னங்களும் கொண்ட ஒரே ஒரு வரி. அதை எப்படி எழுதுவது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது என்று ஊரில் சொன்னால் எனக்கு விசர் என்பார்கள். சொல்லியும் பார்த்திருக்கிறேன். உடுப்பிட்டியில் இருக்கிற என் அண்ணையின் மனைவி, எங்கள் வழக்கப்படி எனக்கு மச்சாள், நான் விளங்கப்படுத்தியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அயலட்டையில் இப்படிச் சொல்லி வைத்திருந்தார்:

"தம்பி அங்கை கொம்பியூட்டருகளுக்கு விலாசம் எழுதிக் குடுக்கிறவர்."

"அப்ப தபால் கந்தோரிலையோ வேலை?" என்று யாரோ கேட்டார்களாம்.

"ஓம், உது மாதிரித்தான்" என்று மச்சாள் முடித்துவிட்டார்.

யோசித்தால் அதில் பெரிய பிழை இல்லை. வங்கியோ ஆஸ்பத்திரியோ கடையோ, அவர்களுடைய விபரங்கள் எல்லாம் எங்கோ ஒரு கணினியில் தரவுத்தளமாகக் கிடக்கும். இன்னொரு கணினியில் இருக்கிறவர் அங்கே போய்க் கேட்டு வாங்குவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதைத்தான் நாங்கள் செய்கிறோம். அந்த மென்பொருளிடம் முதலில் ஒரு விலாசம் கொடுக்க வேண்டும். வருகிறவர் யார், அவருடைய கடவுச்சொல் என்ன, எந்தக் கணினிக்குப் போகவேண்டும், அதில் எந்த வாசல், உள்ளே போனபின் எந்தத் தரவுத்தளம். இவ்வளவும் இடைவெளி இல்லாமல் ஒரே வரியில் வரவேண்டும். எது முன்னால், எது பின்னால், எதை எந்தச் சின்னத்தால் பிரிப்பது, ஒன்றை எழுதாமல் விட்டால் என்ன செய்வது, கடவுச்சொல்லுக்குள்ளேயே அந்தப் பிரிக்கிற சின்னம் வந்து தொலைத்தால் என்ன செய்வது. இந்தக் கோதாரிதான் என் வேலை.

கேக்கை வெட்டிவிட்டு எங்கள் குழுத் தலைவர் ரால்ஃப், "நாங்கள் எல்லோரும் ஓய்வு பெற்ற பிறகும் இந்த வரி இருக்கும்" என்றார். கை தட்டினார்கள். நான் என் துண்டைத் தொடாமல் மேசையிலேயே வைத்துவிட்டேன். அந்த வரியோடு மாரடித்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் அண்ணையின் ஒரே பிள்ளை நிரோஜன் என்னிடம் வருகிறேன் என்று புறப்பட்டான். வந்து சேரவில்லை. அவனைத் தேடிய கதையைத்தான் எழுதப்போகிறேன். ஊரில் பிள்ளைகளை இந்த வழியாக அனுப்ப நினைக்கிறவர்கள் யாராவது வாசித்தால் நல்லது.

2

ஜெர்மனியில் மாடிக்கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம் இருப்பது அபூர்வம். தெருவுக்குப் பெயர், கட்டடத்துக்கு இலக்கம், அதோடு சரி. எத்தனை குடும்பம் இருந்தாலும் வாசல் மணியில் ஒட்டியிருக்கிற பெயர்தான் ஆளைக் காட்டும். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். ஆள் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் மணியில் மூன்று பெயர்கள். நான் கந்தப்பிள்ளை. அது என் ஐயாவின் பெயர். இங்கே வந்து இறங்கியபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒரு சாமான் எங்களிடம் இல்லை என்று சொன்னதை அந்த உத்தியோகத்தர் நம்பவேயில்லை. ஒளிக்கிறேன் என்று நினைத்தார். கடைசியில் ஐயாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி விட்டார். ஐயா உயிரோடு இருந்திருந்தால், ஊர் பேர் தெரியாத நாட்டில் எல்லோரும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கோபித்திருப்பார். என் மனைவி மாலதி தன் தகப்பனின் பெயரோடு வந்து சேர்ந்தாள். மகள் அபிநயாவுக்கு ஊர் வழக்கப்படி என் பெயரான தவராசாவைப் பதிந்தோம். ஒருமுறை வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, இந்தச் சின்ன வீட்டில் மூன்று குடும்பத்தை வைத்து வாடகை வாங்குகிறீர்களா என்று கேட்டார். கலியாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் காட்டி நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று நிரூபித்தோம். மாலதிக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

என் அண்ணையின் பெயர் யோகநாதன். நெஞ்சுவருத்தத்தில் போய்ச் சேர்ந்து கனகாலம். அவருடைய மகன் கடவுச்சீட்டில் யோகநாதன் நிரோஜன். நான் கந்தப்பிள்ளை தவராசா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வெள்ளைக்காரனுக்கு, இவர்கள் ஒரு வீட்டு ஆட்கள் என்று தெரிய வழியே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சின்னவர்கள் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்வதில்லை. தகப்பனின் தம்பி என்றால் குஞ்சியப்பா. நிரோஜன் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அவனுக்கு அதுதான். தவராசா என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் மச்சாள் வாயிலேயே போட்டிருப்பார். அவனுடைய கைத்தொலைபேசியிலும் என் இலக்கம் குஞ்சியப்பா என்றுதான் கிடந்தது.

3

நிரோஜன் பெரிய கெட்டிக்காரன் இல்லை, மக்கனும் இல்லை. நல்ல பெடியன். தாய் தனியாக வளர்த்த பிள்ளைக்கு இருக்கிற அடக்கம் இருந்தது. அண்ணையின் தோட்டத்தில் வெங்காயம் போட்டான். மழை வந்து கொண்டுபோனது. பருத்தித்துறையில் ஒரு கடையில் நின்றான். கடையைப் பூட்டிவிட்டார்கள். கூடப் படித்த பெடியள் ஒவ்வொருவராகக் காணாமல் போய், கொஞ்ச நாளில் பாரிஸில் நின்று படம் போட்டார்கள். "குஞ்சியப்பா, நானும் அங்கை வரட்டோ?" என்று கேட்கத் தொடங்கினான். நான் படிப்பு விசாவைப் பற்றிச் சொன்னேன். மொழி படி என்றேன். எல்லாவற்றுக்கும் "ஓம் குஞ்சியப்பா" என்றான். பெரியவர்களிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத பிள்ளையின் ஓமை நம்பக்கூடாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் கூட்டத்தின் நடுவில் அழைப்பு வந்தது.

"குஞ்சியப்பா, நான் மொஸ்கோவிலை நிக்கிறன்."

"எங்கை?"

"மொஸ்கோ. இன்னும் ரண்டு பெடியள் நிக்கினம். பயப்பிடாதேங்கோ, நான் உங்கைதான் வாறன்."

"அடேய், உனக்கென்ன விசரே? அம்மாவுக்குத் தெரியுமோ?"

"கொழும்பிலை வேலை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. வந்து சேர்ந்தாப்பிறகு நானே சொல்லுறன்."

"நிரோஜன், நான் சொல்லுறதைக் கேள். திரும்பிப் போ ராசா. உது காடு. குளிர் தொடங்கியிட்டுது. சனம் சாகுது உந்த வழியிலை."

பிறகு மெதுவாக, "குஞ்சியப்பா, உங்கடை விலாசத்தை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ" என்றான்.

நான் என்ன செய்வேன்? அனுப்பினேன். பெயர், தெரு, கட்டட இலக்கம், அஞ்சல் இலக்கம், கடைசியில் நான் இருக்கிற நகரம் டோட்முண்ட். என் தொழிலே அதுதானே, ஒரு பிழை இல்லாமல் அனுப்பினேன். அவன் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று அனுப்பினான். அதுதான் கடைசி.

பிறகு நடந்ததை அவனோடு வந்த இரண்டு பேரில் ஒருவன், பாரிஸ் போய்ச் சேர்ந்தவன், சொல்லித்தான் அறிந்தேன். மொஸ்கோவிலிருந்து ஜெர்மனிப் பக்கம் வருகிற வழியில் உள்ள எல்லைக் காட்டுக்குள் இறங்க முதல், வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூட்டிப்போனவர்கள் எல்லோருடைய தொலைபேசியையும் பறித்து ஆற்றுக்குள் எறிந்திருக்கிறார்கள். "உங்கடை ஆக்களின்ரை பேரையும் இடத்தையும் பாடமாக்கி வைச்சிருங்கோ எண்டு மட்டும் சொன்னவங்கள் அண்ணை" என்றான். இரண்டாம் நாள் எல்லைக் காவலர் துரத்தியபோது நிரோஜன் வேறு பக்கம் ஓடிவிட்டானாம். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

4

அந்த வாரங்களில் நாங்கள் அலுவலகத்தில் வாதாடியவற்றை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நிரோஜனிடமிருந்து செய்தி இல்லை. நான் காலையில் எழும்பி, சட்டையைப் போட்டுக்கொண்டு போய், விலாசத்தில் ஒரு பகுதி குறைந்தால் என்ன செய்வது என்று கதைத்துக்கொண்டிருந்தேன்.

என் கட்சி எப்போதும் ஒன்றுதான். எழுதியவர் விட்டதை நாங்கள் ஊகித்து நிரப்ப வேண்டும். வாசலைச் சொல்லாவிட்டால் வழக்கமான வாசல். பெயரைச் சொல்லாவிட்டால் கணினியில் இருக்கிறவரின் பெயர். ரால்ஃப் அதற்கு நேரெதிர்.

"விலாசம் தன் காலில் நிற்க வேண்டும், தவராசா. வாசிக்கிறவருக்கு ஏற்கனவே தெரியும் என்று நம்பி எழுதினால் அது விலாசம் இல்லை."

"எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தடி, வைத்தியம் பார்க்கிற பரியாரியாரின் மருமகன், உடுப்பிட்டி என்று எழுதினால் கடிதம் வந்து சேரும்."

"தபால்காரருக்கு அந்தப் பரியாரியாரைத் தெரியும். தெரியாத ஒருவர் வந்தால்?"

ரால்ஃப் கெட்ட மனிதர் இல்லை. சரியாகத்தான் சொன்னார். அவர் சரியாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு நாள் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது பற்றி. தொடர்பு கேட்கிறோம், அந்தப் பக்கம் பதில் இல்லை. எப்போது கைவிடுவது? விலாசத்தின் கடைசியில் அதையும் எழுத விடலாம் என்று முடிவாகியது. கைவிடாமல் காத்திரு என்று எழுதவும் ஒரு வழி வேண்டும் என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "யார் முடிவில்லாமல் காத்திருப்பார்கள்?" என்று ஒரு பெண் கேட்டாள். சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? நான் சொன்னதை எடுக்கவில்லை.

கடைசியாக வந்தது, கொடுத்த பெயர் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது. ஒத்த பெயர்களைத் தேடலாமா, மாற்றுப் பெயர் கேட்கலாமா என்றேன். கூடாது, பாதுகாப்புக்குக் கேடு, உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார்கள். திரையில் காட்டுவதற்கு ஒரு வசனம் எழுதும்படி என்னிடமே தந்தார்கள். "இந்தப் பெயரில் ஒருவரும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். சுருக்கமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

5

மச்சாளுக்கு ஒளிக்க முடியவில்லை. கொழும்பில் நிற்கிற பிள்ளை ஏன் தொலைபேசியில் எடுக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்டார். பாரிஸ் பெடியன் சொன்ன பிறகு நானும் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"அப்ப உம்மட்டைத்தானே வாறான்" என்றார். "தெரியாத இடத்துக்குப் போகேல்லைத்தானே தம்பி. நீர் ஒருக்கா வடிவா விசாரியும்."

விசாரித்தேன். அகதிகள் அலுவலகம், பொலிஸ், காணாமற்போனவர்களைத் தேடும் தொண்டு நிறுவனம், அந்த எல்லைக் காடு இருக்கிற நாட்டின் தூதரகம். எல்லா இடமும் முதல் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் அவருக்கு யார்?

முதல் அலுவலகத்தில், நெஞ்சு பதறிக்கொண்டிருந்த நேரத்தில், "என் மகன்" என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு அண்ணையின் பிள்ளையும் மகன்தானே. வேறு எப்படிச் சொல்வது? உத்தியோகத்தர் அப்படியே பதிந்துகொண்டார். அடுத்த முறை போனபோது அண்ணையின் மகன் என்றேன். அவர் பழைய குறிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போன முறை மகன் என்றீர்கள்."

"ஓம், எங்கள் பழக்கத்தில் அண்ணையின் மகனும் மகன்தான்."

"குடும்பப் பெயரும் வேறாக இருக்கிறது."

"எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை."

"உங்களுக்குக் கந்தப்பிள்ளை என்று இருக்கிறதே."

இதற்குப் பிறகு அந்த மனிதரின் முகத்தில் எனக்கென்று ஒரு சொட்டு நம்பிக்கையும் இருக்கவில்லை. ஆள் கடத்துகிறவன் என்றே நினைத்திருப்பார். ஐயாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அண்ணையுடையது வேண்டும், என்னுடையது வேண்டும், நிரோஜனுடையது வேண்டும், எல்லாவற்றையும் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டும். மச்சாள் பாவம், அரசாங்கக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடையாய் நடந்து எடுத்து அனுப்பினார். எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தபின் சொன்னார்கள், நெருங்கிய உறவு என்றால் பெற்றார், பிள்ளை, கணவன், மனைவி மட்டும்தான் என்று. நாசமாய்ப் போங்கோ என்று தமிழில் சொல்லிவிட்டு, நன்றி என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு வந்தேன்.

மச்சாள் புத்தூரில் ஒருவரிடம் சாத்திரம் கேட்கப் போனார். "பிள்ளை உயிரோடை நிக்கிறானாம் தம்பி. ஆரோ ஒரு பொம்பிளை சாப்பாடு குடுக்கிறாவாம்" என்று சந்தோசமாகச் சொன்னார். எனக்கு அதைக் கேட்க ஆத்திரமும் வந்தது, அதை நம்ப ஆசையும் வந்தது.

6

அபிநயா பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தமிழ் விளங்கும். கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். நிரோஜனைச் சின்ன வயதில் ஒருமுறைதான் கண்டவள். என்றாலும் அவன் காணாமற்போனதிலிருந்து எல்லையில் உதவி செய்கிறவர்கள் இணையத்தில் எழுதுவதை எல்லாம் விடாமல் வாசித்தாள். நான் கேட்காமலே செய்தாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியே மரங்கள் துளிர்த்துவிட்டன. மாலதி புட்டு அவித்துக்கொண்டு, தொலைபேசியைச் சத்தமாக வைத்து மச்சாளோடு கதைத்துக்கொண்டிருந்தாள். மச்சாள் வழக்கம்போல அவனைப் பற்றித்தான்.

"அவன் எங்கை நிண்டாலும் குஞ்சியப்பா, குஞ்சியப்பா எண்டுதான் சொல்லிக்கொண்டு நிப்பான். சின்னனிலை காய்ச்சல் வந்தாலும் அந்தப் பேர்தானே."

மேசையில் இருந்த அபிநயா தலையைத் தூக்கினாள்.

"அம்மா, குஞ்சியப்பா எண்டா ஆர்?"

"அப்பாதான். அப்பாவின்ரை தம்பியை அப்பிடித்தான் கூப்பிடுறது. நிரோஜன் அண்ணாவுக்கு உங்கடை அப்பா குஞ்சியப்பா."

நான் வீட்டில் கடைக்குட்டி. எனக்குத் தம்பி இல்லை. அவள் அந்தச் சொல்லைச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. அவளுக்கு அது எப்படித் தெரியும்?

"அது ஒரு ஆளின் பெயர் என்று நினைத்தேன்" என்றாள் ஜெர்மனில். தன் கைத்தொலைபேசியில் எதையோ தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள். எல்லைக்கு அருகே ஒரு சிறிய பட்டணத்திலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். காட்டில் கண்டெடுத்த இளைஞன். கடவுச்சீட்டு இல்லை. தெற்காசியாவாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் கடுமையான காய்ச்சலோடு கிடக்கிறான். அவன் திரும்பத் திரும்பச் சொல்வதில் எங்களுக்குப் பிடிபட்டது இரண்டு சொற்கள்தான்: குஞ்சியப்பா, டோட்முண்ட். இவரை யாருக்காவது தெரியுமா?

"எப்ப பாத்தனீங்கள் பிள்ளை?"

"குளிர்காலத்தில். நான் நிரோஜன் என்ற பெயரைத்தான் தேடினேன் அப்பா. யோகநாதன் என்ற பெயரையும் தேடினேன்."

கீழே ஒரு வரி பிறகு சேர்த்திருந்தார்கள். அந்த இளைஞன் இறந்துவிட்டான் என்று.

"என்ன, ஒருத்தற்றை சத்தத்தையும் காணேல்லை?" என்றது தொலைபேசி. "தம்பி நிக்கிறாரே? தம்பி?"

"லைன் சரியில்லை அக்கா, பிறகு எடுக்கிறம்" என்று மாலதி பொய் சொல்லி வைத்தாள். அடுப்பில் புட்டுக்குழலில் ஆவி வந்துகொண்டே இருந்தது. அதை இறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

7

அந்தப் பட்டணத்துக்கு நானும் அபிநயாவும் ரயிலில் போனோம். வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வழி முழுக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனைப் பராமரித்த தாதி கொஞ்சம் ஜெர்மன் பேசினார். ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைக் காட்டினார். மெலிந்து, தாடி வளர்ந்து, ஆனால் அவன்தான். அண்ணையின் நெற்றி அப்படியே இருந்தது. நுரையீரலில் சளி கட்டிப் போய்விட்டதாம், கொண்டுவரும்போதே பிந்திவிட்டதாம்.

"உன் பெயர் என்ன என்று கேட்டோம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டோம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். டோட்முண்ட் என்று சொன்னதால் எங்கள் பொலிஸ் உங்கள் நாட்டுக்கு எழுதிக் கேட்டது."

"என்ன பதில் வந்தது?"

"இந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்று."

அச்சொட்டாக நான் எழுதிக் கொடுத்த வசனம். அந்த அலுவலகமும் எங்களைப் போலத்தான் செய்திருக்கிறது: பெயர் இல்லை, நிறுத்து, மேலே தேடாதே. பிழை சொல்ல ஒருவரும் இல்லை. அவன் சொன்னதும் சரி. அந்தப் பெயருக்கு உரிய ஆள் டோட்முண்டில்தான் இருந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன், வேலைக்குப் போனேன். ரயிலில் ஒரு நாள் தூரம். கடவுளே, ஒரு நாள் தூரம்.

சவக்காலை பட்டணத்தின் ஓரத்தில், ஊசியிலை மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அவனைப் புதைத்த இடத்தில் சின்ன மரப்பலகை ஒன்று நட்டிருந்தார்கள். அதில் அவர்களுடைய எழுத்தில், அவர்களுடைய உச்சரிப்பில், குஞ்சியப்பா என்று எழுதியிருந்தது. எங்களை அங்கே கூட்டிப்போன பாதிரியார், "பெயரில்லாமல் புதைக்க மனம் வரவில்லை. அவன் எங்களுக்குச் சொன்ன ஒரே பெயர் அதுதான்" என்றார். அந்த நல்ல மனிதரிடம் நான் என்ன சொல்ல? அது அவனுடைய பெயர் இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. அபிநயா விளங்கப்படுத்தினாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அபிநயா பலகைக்கு முன்னால் குந்தி இருந்து, "அண்ணா" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. அழுதாள். நானும் ஒளிக்காமல் அழுதேன்.

பலகையை மாற்ற வேண்டும், கிரியை செய்ய வேண்டும், முடிந்தால் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நகரசபையில் கேட்டேன். படத்தைப் பார்த்து நான் அடையாளம் சொன்னது போதாது. தகப்பனின் தம்பியும் காணாதாம். மரபணுச் சோதனைக்குத் தாயின் உமிழ்நீர் வேண்டும். கொழும்பில் தூதரகத்தில் எடுத்து அனுப்பலாம், ஒத்துவந்தால் அவன் பெயரை அவனுக்குத் தருவோம் என்றார்கள்.

8

மச்சாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலதி தொடங்கினாள், நான் முடித்தேன். எல்லாம் கேட்டபின் மச்சாளின் முதல் கேள்வி இதுதான்:

"என்னெண்டு தெரியும் அவனெண்டு?"

"படம் பாத்தனான் மச்சாள்."

"வருத்தம் வந்தால் எல்லாப் பெடியளும் ஒரு மாதிரித்தான் இருப்பினம். அதிலை என்ன பேர் எழுதிக் கிடக்கு?"

சொன்னேன்.

"அப்ப அது என்ரை பிள்ளை இல்லை" என்றார். "என்ரை பிள்ளைக்குப் பேர் இருக்கு."

"மச்சாள், அவன்ரை பேரைப் போடத்தான் கேக்கினம். நீங்கள் கொழும்புக்கு ஒருக்காப் போனால் சரி. வாய்க்குள்ளை பஞ்சு ஒண்டு வைச்சு எடுப்பினம். நோகாது."

"நோகாதோ?" என்றார் மச்சாள்.

சொன்னதற்காக என் நாக்கைக் கடித்துத் துப்பவேண்டும்போல இருந்தது.

"தம்பி, நான் உதைக் குடுத்தனெண்டால் அவன் செத்தவன். குடுக்காட்டில் அவன் இன்னும் வாற வழியிலை நிக்கிறான். நீரே சொல்லும், எந்தத் தாய் போய்க் குடுப்பாள்?"

பல முறை கேட்டுவிட்டேன். மாலதி கெஞ்சினாள். வட்டுக்கோட்டையில் இருக்கிற மச்சாளின் தமையனைப் பிடித்துச் சொல்லுவித்தோம். மச்சாள் அந்தத் தமையனோடு கதைப்பதையே விட்டுவிட்டார். கேக் வெட்டின அன்று பின்னேரம் அந்த நகரசபையிலிருந்து மறுபடி கேட்டு மின்னஞ்சல் வந்திருந்தது: தாயின் மாதிரி எப்போது கிடைக்கும், கிடைக்காவிட்டால் காரணம் என்ன? வீட்டுக்கு வந்து கனநேரம் யோசித்தேன். மறுக்கிறார் என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், அதை எந்த மொழியில் எழுதுவது? தாயோடு தொடர்பு கொள்ள முடியவில்லை என்று எழுதி அனுப்பினேன். அப்படியானால் இத்தோடு முடிக்கிறோம் என்று திங்கட்கிழமை பதில் வந்துவிட்டது. பலகை அப்படியே நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் அதை அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் மச்சாள் தொலைபேசியில் எடுத்தார். ஒவ்வொரு நாளும் எடுக்கிறவர்தானே. சாப்பிட்டாச்சோ என்று கேட்டார், அபிநயா படிக்கிறாளோ என்று கேட்டார், மழை இல்லை என்றார். வைக்கப் போகும்போது, ஏதோ அப்போதுதான் நினைவு வந்ததுபோல, "தம்பி, நீங்கள் இப்போதைக்கு வீடு கீடு மாறிப்போடாதேங்கோ. அவனட்டை உந்த விலாசம்தானே கிடக்கு" என்றார்.

"ஓம் மச்சாள், மாறேல்லை. இஞ்சைதான் இருப்பம்" என்றேன்.